நம்முடைய ஆமைதானே

அன்புள்ள ஐயா,

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் வன்னியிலுள்ள ஒரு சிறிய மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிச் சென்றேன். ஈமுவும் பஞ்சவர்ணக் கிளிகளும் அவர்களைப் பெரிதும் மகிழ்வித்தன. நரி, மரநாய், நட்சத்திர ஆமை என நம் ஊர்ப் பிராணிகளும் இருந்தன. நம்முடையவைதானே என்று அவற்றை விரைவாகக் கடந்துவிட்டோம். வீடு திரும்பியது முதல் ஒரு கேள்வி உறுத்துகிறது. பிராணிகளை அடைத்துக் காட்டும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வது சரிதானா?

ஒரு வாசகர், சாவகச்சேரி

அன்புள்ள தம்பி,

தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையை அரசு பொறுப்பேற்ற 1936ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கேள்வி நம் நாட்டில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அதை இன்று நான் தீர்க்கப் போவதில்லை. ஈமுவில் ஆண் பறவையே ஏறக்குறைய எட்டு வாரம் உணவின்றி அடைகாக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பயணத்துக்கு அதுவே போதும்.

ஆனால் "நம்முடையவைதானே" என்று எழுதினீர்களே, அதை என்னால் கடந்து போக முடியவில்லை. சென்ற வாரம் எங்கள் பழைய வளவைத் துப்புரவாக்கியபோது, மாமரத்தின் அடியில் பட்டை மூடி வளர்ந்த ஒரு கம்பி வளையத்தைக் கண்டேன். அதைக் கட்டியவன் நான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வன்னியில் வயல் செய்த மாமா ஒரு நட்சத்திர ஆமையைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மம்மா தடுத்தும் கேளாமல், அதன் ஓட்டின் விளிம்பில் துளையிட்டுக் கம்பி கோத்தோம். துளையில் இளஞ்சிவப்பாக ஈரம் கசிந்தது. "அது ஓடுதான், நோகாது" என்றார் மாமா. நானும் நம்பினேன். ஆமையின் ஓடு அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து இணைந்த உயிருள்ள எலும்பு என்பதையும், தொட்டால் உணரும் நரம்புகள் அதிலும் ஓடுகின்றன என்பதையும் எனக்குச் சொல்ல அன்று எவருமில்லை. புல்லும் இலையும் தின்கிற பிராணிக்குப் பாணும் சோறும் போட்டோம். கம்பியின் நீளத்துக்கு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, மண்ணில் ஒரு வட்டத் தடத்தை அது தேய்த்து வைத்திருந்தது. மாரியின் முதல் மழை விழுந்த மாலையில், தன் இனமெல்லாம் பற்றைகளை விட்டு வெளியே வந்து மேயும் நேரத்தில், அது கம்பியை இழுத்த இழுப்பை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன். விளையாடுகிறது என்று சிரித்தேன். அடுத்த கோடையில் ஒரு காலை, தலையும் கால்களும் வெளியே தொங்கக் கிடந்தது.

தம்பி, நம்முடையது என்ற அந்த எண்ணந்தான் என் கையில் கம்பியைத் தந்தது. உங்களை அந்தக் கூட்டைத் தாண்டி நடக்க வைத்ததும் அதே எண்ணந்தான். நீங்கள் பார்க்காமல் வந்த அந்த ஓட்டின் மஞ்சட் கதிர்கள், காய்ந்த புல்லின் நிழலோடு கலந்து ஆமையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பவை. அந்தக் கதிர்களின் அழகுக்காகவே அதைக் கடத்துகிறார்கள். கடத்தல் பெருகியதனால்தான் 2019இல் இந்த இனத்தின் சர்வதேச வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை வந்தது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நம் தீவிலும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒன்றைப் பார்த்துப் பழகியது என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் அதைக் காட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள்?

மாரி தொடங்கியதும் மீண்டும் போங்கள். கிளிகளிடம் பிறகு போகலாம். மழை விட்டவுடன் ஆமைக் கூட்டின் முன்னால் பிள்ளைகளை அரை மணி நேரம் குந்தியிருக்க விடுங்கள். தரை சீமெந்தா மண்ணா, ஒதுங்க நிழல் இருக்கிறதா, தின்னக் கொடுத்திருப்பது புல்லா பாணா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.