ஷெகாவதி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் ராஜஸ்தான் பயணக் குறிப்பில் ஷெகாவதி பகுதிக்கு ‘ஆளில்லாத ஊர்கள்’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். நான் இரண்டு வருடம் ஜுன்ஜுனுவில் வேலை பார்த்தவன். சாயங்காலம் அந்தச் சந்தைக்குள் நடக்க இடம் இருக்காது. நவல்கர், மண்டாவா, ஃபதேபூர் மூன்றையும் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு இப்படி எழுதலாமா? எங்கள் பக்கத்துக்கும் இப்படித்தான் வந்து, பூட்டிய வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒரு வாசகர்,
காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ஓடி ஓடித்தான் பார்த்தேன். மூன்று ஊருக்கும் சேர்த்து நான்கு நாள்.

நான் ஹவேலி பார்க்கப் போனவன்; ஹவேலி என்றால் வியாபாரிகள் கட்டிய, முற்றம் வைத்த பழைய பெரிய வீடு. நவல்கரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைத்தெருவை இடித்துத் தள்ளிக் கடந்து சந்துக்குள் புகுந்துவிட்டேன். அங்கே சுவர் முழுக்க ஓவியம். யானை, ஒட்டகம், கிருஷ்ணர், பக்கத்திலேயே ரயில். வரைந்தவர் ரயிலைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். வீடுகளை வரிசையாக நிறுத்திச் சக்கரம் மாட்டியது போல இருக்கிறது. கதவில் பூட்டு. காவலாளி காசு வாங்கிக்கொண்டு திறந்துவிடுவார். வெளிமுற்றம் ஆண்களுக்கு, உள்முற்றம் பெண்களுக்கு. ஆனால் ஆண்கள் பலர் இருந்தது கல்கத்தாவிலும் பம்பாயிலும்.

குஜராத் துறைமுகங்களிலிருந்து டெல்லிப் பக்கம் ஒட்டகத்தில் சரக்கு போன காலத்தில் வழியில் இருந்த ஊர்கள் இவை. வியாபாரம் வெள்ளைக்காரர்களின் துறைமுகங்களுக்கும், அப்புறம் ரயிலுக்கும் மாறியதும் வியாபாரிகள் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். பிர்லாக்களுக்குச் சொந்த ஊர் இங்குள்ள பிலானி. இந்த ஹவேலிகளில் பல, போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. பர்மா பணத்தில் எழுந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் என் கண்ணில் பட்டது. உங்கள் ஊரில் தேக்குத் தூணையும் பளிங்குத் தரையையும் பார்க்க உள்ளே விட வேண்டும். இங்கே காசு செலவழித்ததைத் தெருவில் போகிறவன்கூடப் பார்க்கலாம்.

உங்கள் கடிதம் வந்த பிறகு என் படங்களை மறுபடி புரட்டினேன். ஓவியங்களை எடுத்த படங்களின் ஓரத்தில் துபாய் டிக்கெட், பாஸ்போர்ட் பலகைகள். ராணுவத்தில் சேரப் பயிற்சி தரும் இடத்தின் விளம்பரம் ஒன்று, பாதி வெட்டுப்பட்டு. வெட்டியது நான்தான். அன்று சேட்டுகள் கல்கத்தா போனார்கள், இன்று பையன்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அந்தப் பணத்தில் ஊர் எல்லையில் புது வீடுகள் எழுகின்றன. அவற்றை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எழுதத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். மண்டாவாவில் ஒரு காவலாளியிடம், வீட்டுக்காரர்கள் எப்போதாவது வருவார்களா என்று கேட்டேன். பிள்ளைக்கு முதல் முடி இறக்க வருவார்கள், குலதெய்வம் இங்கேதானே இருக்கிறது என்றார். போன மாசம்கூட இரண்டு கார் வந்ததாம்.

தலைப்பை மாற்றிவிட்டேன்.