ஒரே மேடை, இரண்டு கைகுலுக்கல்கள்

கேள்வி: ஓர் அரசு தன் வெளியுறவுக் கொள்கையை மாற்றிக்கொள்ளப் போகிறது என்பதை, விழா மேடையில் யார் யாருக்கு அருகில் நின்றார், நாளிதழில் எந்தப் படம் வந்தது என்பவற்றைக் கொண்டே முன்கூட்டிக் கணிக்கலாம் என்கிறார்களே, முடியுமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: ஓரளவு முடியும். ஆனால் அதில் எவ்வளவு சறுக்கல் நேரும் என்பதற்கு, 1970-இல் பெய்ஜிங்கின் தியானன்மென் மேடையில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளே போதும்.

அவ்வாண்டு மே தினத்தன்று, வரிசையில் நின்ற அயல்நாட்டுப் பிரதிநிதிகளின் கைகளைக் குலுக்கிக்கொண்டே வந்த மாவோ, தூதர் இல்லாத இந்தியத் தூதரகத்தைக் கவனித்துவந்த பிரஜேஷ் மிஸ்ராவிடம் நின்று, இந்தியா பெரிய நாடு, நாம் இப்படியே சண்டையிட்டுக்கொண்டிருக்க முடியாது என்ற பொருள்பட, புன்னகையோடு பேசினார். அக்டோபர் 1, தேசிய நாள் விழாவில், அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவை அதே மேடையில் தம் அருகில் நிற்கவைத்தார். அந்தப் படம் டிசம்பர் 25 அன்று, சீனக் கட்சி நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது.

இரண்டாவது சமிக்ஞையை வாஷிங்டன் அப்போது புரிந்துகொள்ளவில்லை என்பதை, அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த கிஸ்ஸிங்கரே தம் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஸ்னோவை இடதுசாரி அனுதாபி என்று ஒதுக்கிவைத்திருந்தவர்களுக்கு, அவரையா தூது அனுப்புவார்கள் என்று தோன்றியதில் வியப்பில்லை. இருந்தும் 1971 ஜூலையில் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பெய்ஜிங் சென்றார். 1972 பிப்ரவரியில் நிக்சனே சென்றார். டில்லியோ மாவோவின் புன்னகையைப் பற்றிப் பல நாள் விவாதித்தது. ஆனாலும் இரு நாடுகளும் மீண்டும் தூதர்களை அனுப்பியது 1976-இல்தான்; அவ்வாறு சென்ற இந்தியத் தூதர் கே. ஆர். நாராயணன்.

புரியாத சமிக்ஞை பலித்ததும், புரிந்த சமிக்ஞை வீணானதும் ஏன்? 1969 மார்ச்சில் எல்லையிலுள்ள உசூரி ஆற்றங்கரையில் சோவியத் படையோடு மோதிய சீனாவுக்கு, வடக்கே இருந்த அச்சத்தைச் சமாளிக்க ஒரு துணை தேவைப்பட்டது. வியட்நாமில் சிக்கியிருந்த அமெரிக்காவுக்கும் அந்த உறவு தேவைப்பட்டது. அந்தத் தேவை எந்த அளவுக்கு இருந்தது என்றால், 1969 டிசம்பரில் வார்சாவில் நடந்த யுகோஸ்லாவிய ஆடை அலங்காரக் காட்சியொன்றில், அமெரிக்கத் தூதர் ஸ்டோசெல் சீனத் தரப்பினரை விரட்டிக்கொண்டு ஓடி, பேச்சைத் தொடர விரும்புகிறோம் என்று சொல்லவேண்டியிருந்தது. இந்தியாவுக்கு அப்படியொரு நெருக்குதல் இல்லை. சோவியத் நட்பே அதற்கு அரணாக இருந்தது, 1971 ஆகஸ்டில் அது உடன்படிக்கையாகவும் ஆயிற்று. ஆகவே புன்னகை காட்டுவது அனுப்புகிறவரின் எண்ணத்தை மட்டுமே. எதிர்த்தரப்புக்கும் தேவை இருக்கிறதா என்பதைப் படத்தில் தேடிப் பயனில்லை.

கேள்வி: அப்படியானால் நாளிதழ் படிக்கும் சாமானியர் எதைக் கவனிப்பது? (அதே வாசகர்)

பதில்: முதலில் பெயர்களை. 1970 அக்டோபரில், ருமேனியத் தலைவர் சௌஷெஸ்குவுக்கு அளித்த விருந்தில் நிக்சன் ‘மக்கள் சீனக் குடியரசு’ என்று முழுப்பெயரைச் சொன்னார். பெய்ஜிங் அரசை அமெரிக்கா அங்கீகரிக்காதிருந்த காலம் அது; அதற்குமுன் அமெரிக்க அதிபர் எவரும் பொதுவில் அப்படிச் சொன்னதில்லை. எழுதி வைத்துப் படிக்கும் விருந்துரையில் ஒரு நாட்டின் பெயர் கைதவறி மாறுவதில்லை என்பதே என் எண்ணம்.

அடுத்து, நாற்காலியில் இருப்பவரை. 1939 மே 3 அன்று, பிரிட்டனோடும் பிரான்சோடும் சேர்ந்து ஹிட்லரைத் தடுக்கவேண்டும் என்று வாதாடிவந்த, யூதரான லித்வினோவை வெளியுறவுப் பொறுப்பிலிருந்து ஸ்டாலின் நீக்கி, மொலோதோவை அமர்த்தினார். பெர்லின் அதைக் கவனித்தது. ஆகஸ்டில் பிரிட்டிஷ், பிரெஞ்சு இராணுவக் குழுக்கள் மாஸ்கோவிலேயே பேசிக்கொண்டிருக்க, 23-ஆம் தேதி அதே நகரில் ஜெர்மனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.