திக்னஸ் பிளேனரும் ஸ்னைப்பும்: கேள்வி பதில்

திக்னஸ் பிளேனர் என்றால் பலகையை ரோலரால் இழுத்து, சுழலும் பிளேடால் சீவி, ஒரே தடிமனாக்கும் மெஷின். ஸ்னைப் என்றால் அப்படிச் சீவும்போது பலகையின் முனைகளில் விழும் பள்ளம். மேசை மேல் வைத்து ஓட்டும் சிறிய திக்னஸ் பிளேனர் பற்றி மட்டும் கேளுங்கள். கையில் பிடித்துத் தள்ளும் எலெக்ட்ரிக் பிளேனர் வேறு சாதி, அது இங்கே வேண்டாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுநடுவே திரும்பவும் சொல்வேன்: மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.

கேள்வி: வளைந்த பலகையை உள்ளே விட்டால் நேராகிவிடுமா சார்?

பதில்: ஆகாது. ரோலர் பலகையை அமுக்கிக்கொண்டேதான் இழுக்கும். அமுங்கி இருக்கும்வரை நேராகத் தெரியும், வெளியே வந்ததும் பழைய வளைவு திரும்பிவிடும். தடிமன் சீராக இருக்கும், அவ்வளவுதான். முதலில் ஒரு முகத்தை ஜாயின்டரிலோ (பலகையின் முகத்தை மட்டமாக்கும் மெஷின்) இழைப்புளியிலோ மட்டமாக்கி, அந்த முகம் கீழே இருக்கும்படி விடுங்கள். ஜாயின்டர் இல்லாதவர்கள் தட்டையான பிளைவுட் மேல் பலகையை வைத்து, ஆடுகிற இடங்களில் ஆப்பு கொடுத்து, ஹாட் குளூவால் நிறுத்தி, பிளைவுட்டோடு சேர்த்தே விடலாம்.

கேள்வி: டிவால்ட் 735, டிவால்ட் 734, மக்கீட்டா 2012என்பி. மூன்றில் எது?

பதில்: 735 என்றால் 13 அங்குல அகலம், 3 பிளேடு, நிமிடத்துக்கு 10,000 சுற்று. இழுவை வேகம் இரண்டு: ஒன்றில் அங்குலத்துக்கு 96 வெட்டு, மற்றதில் 179. கடைசி ஓட்டத்தை 179இல் விட்டால் உப்புத்தாள் வேலை நன்றாகவே குறையும். சீவலை வெளியே தள்ள உள்ளேயே ஃபேன் உண்டு. எடை சுமார் 42 கிலோ. 'போர்ட்டபிள்' என்று பெட்டியில் அச்சடித்தவர் அதைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார். 734 பன்னிரண்டரை அங்குலம், அதே 3 பிளேடு, ஒரே வேகம், 36 கிலோ.

மக்கீட்டா 12 அங்குலம், 2 பிளேடு, 8,500 சுற்று, நிமிடத்துக்கு எட்டரை மீட்டர் இழுவை. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 50 வெட்டுதான் வருகிறது. காகிதத்தில் பலவீனம். ஆனால் அதில் பிளேடுகள் இருக்கும் தலைப்பகுதி தானாகப் பூட்டிக்கொள்ளும், சத்தமும் மற்ற இரண்டைவிடக் குறைவு, எடை 30 கிலோவுக்குள். அடிக்கடி எடுத்து வைக்கிற பட்டறை என்றால் நான் மக்கீட்டா பக்கம். ஒரே இடத்தில் நிற்கப்போகிறது, சீவல் உறிஞ்ச ஏற்பாடும் இருக்கிறது என்றால் 735.

எதை வாங்கினாலும் பிளேடு எண்ணிக்கைக்கு முன் இரண்டைப் பாருங்கள். தலைப்பகுதியைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா? முன்பின் மேசைகள் எவ்வளவு நீளம், உயரம் திருத்த போல்ட் இருக்கிறதா?

கேள்வி: ஸ்னைப் ஏன் வருகிறது? தடவினால் இரு முனையிலும் பள்ளம் தட்டுப்படுகிறது.

பதில்: பிளேடுகள் பூட்டிய உருளைதான் கட்டர். அதற்கு முன்னால் ஒரு ரோலர், பின்னால் ஒரு ரோலர். பலகையின் நடுப்பகுதி போகும்போது இரண்டும் அமுக்கும். நுழையும்போது முன் ரோலர் மட்டும். வெளியேறும்போது பின் ரோலர் மட்டும். அந்தச் சில நொடிகளில் பலகை சீசா போல ஆகிவிடுகிறது. வெளியே தொங்கும் பாரம் கீழே இழுக்க, கட்டருக்கு அடியில் இருக்கும் முனை மேலே எழும்புகிறது, ஆழமாக வெட்டுப்படுகிறது. தலைப்பகுதி இளகியிருந்தால் அதுவும் தன் பங்குக்குச் சாயும். ஸ்னைப்பின் நீளத்தை அளந்து பாருங்கள். ரோலருக்கும் கட்டருக்கும் உள்ள தூரம்தான் ஏறக்குறைய வரும்.

மருந்தும் அதிலேயே இருக்கிறது. நுழையும்போது உங்கள் கையிலுள்ள பின்முனையை லேசாகத் தூக்குங்கள். பாதி போனதும் அந்தப் பக்கம் போய், வெளியே வந்த முனையைத் தூக்கிப் பிடியுங்கள். மேசைகளின் வெளி ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் அளவு உயர்த்தி வையுங்கள். நீண்ட நேர்ச்சட்டத்தை இரு மேசைக்கும் சேர்த்து நீளவாக்கில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியவேண்டும். தலைப்பூட்டு இருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பூட்டுங்கள். கடைசி ஓட்டம் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என் மெஷினில் கடைசி மூன்று அங்குலம் மட்டும் ஸ்னைப்.

பதில்: வெளியேறும் பக்கத்து மேசை தாழ்ந்திருக்கும், அல்லது பலகையைத் தாங்க ஆள் இல்லை. மீதி மேலே.

கேள்வி: புது மெஷின், ஸ்னைப் வருகிறது, திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: மேலே.

கேள்வி: ஹெலிக்கல் ஹெட் மாற்றினால் ஸ்னைப்பே வராது. நான் மாற்றினேன், போய்விட்டது. இதை ஏன் சொல்லவில்லை?

பதில்: ஹெலிக்கல் ஹெட், அதாவது நீள பிளேடுக்குப் பதில் சிறுசிறு கார்பைடு துண்டுகள் சுருள் வரிசையில் பூட்டிய கட்டர், நல்ல பொருள். சத்தம் குறையும், நார் பிய்வது குறையும், கார்பைடு துண்டு மழுங்கினால் திருப்பிப் போட்டால் போதும். ஆனால் ரோலர்கள் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன?

கேள்வி: நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பதில்: ஹெட் மாற்ற மெஷினைப் பிரித்திருப்பீர்கள். திரும்பப் பூட்டும்போது மேசை மட்டம் பார்த்தீர்களா?

கேள்வி: பார்த்தேன்.

பதில்: அங்கேதான் போனது உங்கள் ஸ்னைப். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பழைய பிளேடு மழுங்கியிருந்தால் வெட்டாமல் பலகையைத் தள்ளும், தலை எழும்பும். கூரான எதைப் போட்டாலும் அந்த அளவுக்குக் குறையும். புதுப் பிளேடாக இருந்தாலும் சரி.

கேள்வி: எதற்கு இந்தச் சண்டை? 3 அங்குலம் கூடுதலாக அறுத்து, முனையை வெட்டி எறிந்தால் தீர்ந்தது.

பதில்: மலிவு மரத்துக்குச் சரி. தேக்கில் ஒவ்வொரு பலகைக்கும் இரு முனையிலும் எறிய மனசு வருமா? அதற்குப் பதில் அதே தடிமனில் இரண்டு கழிவு ரீப்பர்களை, பலகையைவிட ஒரு சாண் நீளமாக, இரு பக்கமும் ஒட்டி விடுங்கள். ஸ்னைப் ரீப்பரில் விழும். பல பலகை இருந்தால் இடைவெளி விடாமல் ஒன்றின் வாலைத் தொட்டு அடுத்ததை விடுங்கள். முதலும் கடைசியும் கழிவுத் துண்டாக இருக்கட்டும்.

கேள்வி: ஹெலிக்கல் பற்றி இன்னும் ஒன்று...

பதில்: போதும்.

கேள்வி: பழைய கதவுப் பலகை, 6 அங்குலத் துண்டு, குறுக்குவெட்டு மேலே தெரிகிற வெட்டுப்பலகை, இதெல்லாம் விடலாமா?

பதில்: பழைய பலகையில் ஒரு ஆணி போதும், மூன்று பிளேடும் பல்லிளிக்கும். மெட்டல் டிடெக்டரால் தடவாமல் விடாதீர்கள். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு. 6 அங்குலத் துண்டை இரண்டு ரோலரும் சேர்ந்து பிடிக்க முடியாது, எகிறி அடிக்கும். ஒரு அடிக்குக் குறைந்ததை நான் விடுவதில்லை. குறுக்குவெட்டு மரம் உள்ளேயே சிதறும். அதற்கு சாண்டர்.

கேள்வி: பலகை பாதியில் நின்றுவிடுகிறது. கையால் தள்ளலாமா?

பதில்: தள்ளாதீர்கள், குனிந்து உள்ளே பார்க்கவும் வேண்டாம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கட்டர் நின்றபின் தலையை உயர்த்திப் பலகையை எடுங்கள். ரோலரில் பிசின் படிந்திருக்கும், துடைத்துவிடுங்கள். அடித்தட்டில் சிலிக்கான் கலக்காத மெழுகு தேயுங்கள். பிறகும் நின்றால் ஒரே ஓட்டத்தில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) எடுக்கப் பார்க்கிறீர்கள், பாதியாகக் குறையுங்கள்.