0.1 ஓம் ரெசிஸ்டரை மல்டிமீட்டரில் அளந்தால் 0.4 ஓம் காட்டுகிறதே, ரெசிஸ்டர் பழுதா?

பெரும்பாலும் ரெசிஸ்டர் நன்றாகத்தான் இருக்கும். மீட்டர் காட்டுவது புரோப் வயர்கள், பிளக், முனை தொடும் இடம் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. சாதாரண புரோப் ஜோடிக்கே 0.2, 0.3 ஓம் வந்துவிடும். 10 கிலோ ஓம் அளக்கும்போது அது கண்ணிலேயே படாது, 0.1 ஓமில் அதுதான் பெரும்பங்கு.

புரோப் முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, வரும் எண்ணைக் கழிக்கலாம்தான். ஆனால் கை அழுத்தம் மாறினாலே தொடுமிடத்தின் தடையும் மாறும், கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். நான் அதை நம்புவதில்லை.

சரியான வழி கெல்வின் இணைப்பு, அதாவது நான்கு வயர் முறை. கரண்ட் அனுப்ப இரண்டு வயர், வோல்டேஜ் அளக்க வேறு இரண்டு. வோல்ட்மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அதன் வயர்களில் கரண்ட் ஓடுவதே இல்லை எனலாம். எனவே அவற்றின் தடை கணக்கைக் கெடுக்காது.

கரண்ட் லிமிட் உள்ள பவர் சப்ளை இருந்தால் போதும். 1 ஆம்பியர் வைத்து ரெசிஸ்டர் வழியே விடுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, புரோப்களை ரெசிஸ்டர் கால்களில், உடலை ஒட்டி வையுங்கள். சப்ளை கிளிப்பின் மேல் வைத்தால் பழைய கதைதான்! 100 மில்லிவோல்ட் வந்தால் 0.1 ஓம். சூடு 0.1 வாட்தான், கால் வாட் ரெசிஸ்டரே தாங்கும்.

அப்புறம், மில்லி ஓம் அளவுக்கு இறங்கினால் கரண்டின் திசையை மாற்றி இன்னொரு முறை அளந்து, மைனஸ் குறியை விட்டுவிட்டு இரண்டு எண்களின் சராசரி எடுங்கள். வெவ்வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் வெப்பத்தால் பிறக்கும் மைக்ரோவோல்ட்கள் அதில் கழிந்துவிடும்.