காவடி எடுத்தபின் சிகே கூடினால் இதயம் பழுதா?

கேள்வி: பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தேன். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் சிகே என்ற தசை நொதி 1,480, ஏஎஸ்டி என்ற நொதி 86. ஏஎல்டி என்ற இன்னொரு நொதி சரியாக இருக்கிறது. இதயத் தசையில் நொதி கசிகிறது, அதை ஈடுகட்ட மூன்று மாதம் நொதி மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார் பரிசோதனைப் பேக்கேஜ் விற்ற முகவர். நெஞ்சுவலி இல்லை. வயது 34.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில், மாத்திரைக்குப் பணம் கட்டாதீர்கள். நொதி என்பது புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துவிடுமே தவிர, இதயத்தில் போய் உட்காராது. இந்த முகவர்களுக்குச் அறிக்கையில் சிவப்பு எழுத்தைக் கண்டாலே கல்லாப்பெட்டி திறந்துவிடுகிறது.

உடலிலுள்ள சிகேயில் பெரும்பங்கு கைகால் தசைகளில்தான் இருக்கிறது. தசைச் செல்லின் நீர்ப்பகுதியிலும், சுருங்கும் இழைகளின் நடுக்கோட்டிலும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலும் அது இருக்கிறது. ஆற்றல் பிறக்கும் இடத்திலும் செலவாகும் இடத்திலும் அதற்கு வேலை உண்டு. செல்லின் சவ்வு கிழிந்தால் நீர்ப்பகுதியில் இருப்பது முதலில் ரத்தத்துக்கு வரும். கோயிலின் 513 படி ஏறியதைவிட, இறங்கியதுதான் தொடைக்குக் கேடு: தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதனால் சிகே உச்சம் தொடுவது பெரும்பாலும் அன்றைக்கல்ல, ஓரிரு நாள் கழித்து. ஏஎஸ்டியும் தசையில் உண்டு. ஏஎல்டி கல்லீரலில்தான் அதிகம். அது சரியாக இருப்பதும் தசையையே காட்டுகிறது. இதயத்தைப் பார்க்க இன்று மருத்துவர்கள் நம்புவது ட்ரோபோனினை. அது நொதியே அல்ல, சுருங்கும் இழையின் புரதம். நெஞ்சுவலி வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"நேற்று என்ன வேலை செய்தீர்கள்?" என்று எந்தப் பரிசோதனைப் படிவமாவது கேட்கிறதா? எண்ணை அச்சடித்து, சிவப்பாக்கி, பயத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால் கதை வேறு. அது சிலருக்குத் தசையைத் தாக்கும்; சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சேர்ந்தால் ஆபத்து கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டாட்டின் சாப்பிட்டாலும் இல்லாவிட்டாலும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், சிறுநீரகம் கெடும்.

மற்றபடி, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்துவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் சிகே, ஏஎஸ்டி, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றை மட்டும் மறுபடி பாருங்கள். இன்னொரு பேக்கேஜ் வேண்டாம்.