திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும்

தம்பி, உங்கள் கேள்வியை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். கொக்குவிலில் படிப்பித்து ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். கனடாவில் ஸ்காபுறோவில் இருக்கும் மகள், பெற்றோர் நீண்ட காலம் வந்து நிற்கக் கொடுக்கிற சூப்பர் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறா. வருகிற மார்கழியில் நீங்கள் இருவரும் வந்து ஒரு வருடம் நிற்க யோசிக்கிறீர்கள். குளிர் தாங்குமா, என்ன உடுப்புக் கொண்டு வருவது, இங்கே ஓய்வூதியம் ஏதும் கிடைக்குமா, பொழுது போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நீளமாக எழுதப்போவது அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். மற்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உடுப்புக்காகக் கொழும்பில் காசைக் கொட்ட வேண்டாம். அங்கே வாங்குகிற ஜக்கெற் இங்கே ஐப்பசிக் குளிருக்குத்தான் காணும். மகளோடு கடைக்குப் போய் வாங்குங்கள், சப்பாத்தும் அப்படியே. ஓய்வூதியம் கிடையாது. நிரந்தர வதிவிடம் எடுத்தவர்களுக்குக்கூட இங்கே பத்து வருடமாவது வாழ்ந்து, 65 வயதும் ஆன பிறகுதான் முதியோர் கொடுப்பனவு. வேறு யாராவது வேறு கதை சொன்னால் நம்ப வேண்டாம்.

காப்புறுதி மட்டும் சின்ன விஷயம் இல்லை. சூப்பர் விசாவில் வருபவர்களுக்கு ஒன்ராறியோவின் இலவச மருத்துவம் பொருந்தாது. ஒரு இலட்சம் டொலருக்குக் குறையாத தனியார் காப்புறுதி, குறைந்தது ஒரு வருடத்துக்கு, கட்டாயம். படிவத்தில் உங்கள் பிரஷர், சீனி எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். இருக்கிற வருத்தம் குறிப்பிட்ட காலத்துக்கு மாற்றமில்லாமல் இருந்தால்தான் பல நிறுவனங்கள் அதற்குப் பணம் கொடுக்கும். என் நண்பர் ஒருவரின் மாமிக்கு வருவதற்கு முதல் மாதம் பிரஷர்க் குளிசையின் அளவை டொக்டர் கூட்டியிருந்தார். அதை ஒருவரும் எழுதவில்லை. இங்கே நெஞ்சுவலி வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தா. நிறுவனம் கையை விரித்துவிட்டது. அந்தக் கடனை மருமகன் இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே டொக்டரிடம் போய் மருந்து விபரத்தை எழுதி வாங்குங்கள். வெளிக்கிடுகிற நேரத்தில் குளிசையை மாற்றும்படி அவர் சொன்னால் மருந்தை மாற்றுங்கள், பயணத்தையும் தள்ளிப் போடுங்கள்.

மார்கழியில் வராதீர்கள். அந்த மாதத்தில் ஐந்து மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும். பிள்ளைகள் வேலையால் வரும்போது உங்களுக்கு நடுச்சாமம் போல இருக்கும். வந்த முதல் கிழமையே வீட்டுக்குள் அடைபட்டால் அந்த அடைபட்ட பழக்கம் பிறகு விடாது. வைகாசியில் வாருங்கள். மரம் துளிர்க்கிற நேரத்தில் வீதிகளைப் பழகிக்கொண்டால், ஸ்நோ கொட்டும்போது எந்தப் பக்கம் பஸ் தரிப்பிடம் என்றாவது கால் அறிந்திருக்கும்.

பொழுது போகுமா என்று கேட்டீர்கள். என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

நான் 1988 கார்த்திகையில் மொன்றியாலின் மிராபெல் விமான நிலையத்தில், மெல்லிய சப்பாத்தோடும் ஒரு பருத்திச் சட்டையோடும் வந்து இறங்கியவன். பிறகு ரொறன்ரோ. ஒரு அறையில் ஐந்து பேர் இருந்தோம். இரண்டு பேருக்கு ஒரு குளிர்க்கோட்டு. இரவு வேலைக்குப் போகிறவன் போட்டுக்கொண்டு போவான், விடிய வந்து கழற்றித் தந்தால் பகல் வேலைக்காரன் அந்தச் சூட்டோடு போட்டுக்கொண்டு ஓடுவான். உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதல் ஆறு கிழமைச் சம்பளத்தைத் தராமல் ஏமாற்றியவர் எங்கள் ஆள்தான். வந்த புதிதில் எங்களைப் பிழிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் மொழி பேசியவர்கள் என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நிலக்கீழ் அறையை வாடகைக்குத் தருகிறேன், பேப்பர் வேலை செய்து தருகிறேன் என்று வருகிறவர்களிடம் தமிழன் என்பதற்காக மட்டும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவ. வன்னியில் இருந்து கொழும்பு வந்து, 1997இல் எங்களிடம் வந்து சேர்ந்தா. அப்போது நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுனில் பதினோராம் மாடியில் இருந்தோம். எனக்கு இரண்டு வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. காலையில் போனால் இரவுதான் வருவோம். அம்மா சமைப்பா, மகனைப் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பார்ப்பா, யன்னலடியில் இருந்து கீழே போகிற பஸ்களை எண்ணுவா. "இண்டைக்கு அறுபத்திரண்டு" என்று சொல்லுவா. நாங்கள் சிரிப்போம்.

ஒரு மாசி மாதம். காலை பதினொரு மணிக்குக் குப்பைப் பையோடு நடையால் போய், அதன் கடைசியில் இருந்த குப்பைக் குழாய்க்குள் போட்டிருக்கிறா. திரும்பி வந்தால் கதவு தானாகப் பூட்டியிருக்கிறது. அவவிடம் திறப்பு இல்லை. பக்கத்து வீட்டைத் தட்ட ஆங்கிலம் இல்லை. வெறுங்காலோடு, வீட்டுச் சேலையோடு, மூன்றரைக்கு மகன் பள்ளியால் வரும்வரை கதவடியில் நிலத்தில் இருந்திருக்கிறா. அவனுக்குப் பத்து வயது, அவன் கழுத்தில் கயிற்றில் திறப்புத் தொங்கியது. அன்றிரவு அவனே சொன்னான், "அப்பம்மாவிட்டைத் திறப்பு இல்லையா?" என்று. பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டிக் கொடுத்த திறப்பை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எங்கே போகப்போகிறா என்று நினைத்தோம். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். வந்து இறங்கிய மறுநாளே வீட்டுத் திறப்பு ஒன்று உங்களுக்கு, ஒன்று மனைவிக்கு, தனித்தனியாக வாங்கி வையுங்கள். பஸ் அட்டையும் அப்படித்தான். மகளுக்கு ஓய்வு கிடைக்கும்போது கோவிலுக்குப் போகலாம் என்று காத்திருந்தால் மாதத்துக்கு ஒரு தரம்தான் வெயிலைப் பார்ப்பீர்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கத்தானே வருகிறோம் என்பீர்கள். பாருங்கள், அதைவிட என்ன சந்தோசம்? ஆனால் எந்தெந்த நாள் என்பதை முதல் கிழமையிலேயே கதைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. மகளின் சின்னவனைச் செவ்வாயும் வியாழனும் பார்க்கிறோம். சனிக்கிழமை பேத்தியைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போவது என் வேலை, திரும்பி வரும்போது வழியில் அவளுக்கு ஒரு வடை. மற்ற நாட்கள் எங்களுடையவை. மகள் முதலில் கொஞ்சம் முகம் சுருக்கினா, பிறகு விளங்கிக்கொண்டா. என் வயது ஆக்கள் பலர் பிள்ளை வளர்க்கிற சம்பளமில்லா வேலைக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் தொலைக்காட்சித் தொடருக்கு முன்னால் போய் இருந்துவிட்டார்கள். ஊரில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதைத் தவிர அவர்களிடம் வேறு கதை இல்லை. இன்னொரு கூட்டம் சாமத்தியவீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் மண்டபம் மண்டபமாகத் திரிகிறது. மொய் எழுதியே கடனாளியானவர்களை எனக்குத் தெரியும். வேண்டிய இடத்துக்கு மட்டும் போங்கள்.

என் மனைவி ஊரில் கிணற்றடி தாண்டிக் குளித்தறியாதவ. 64 வயதில் சமூக நிலையத்து நீச்சல் குளத்தில் நீந்தப் பழகினா. முதல் மூன்று மாதம் கரைக் கம்பியை விடவில்லை. இப்போது மல்லாக்கப் படுத்தபடி மிதப்பா, நான் மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நான் நூலகத்துக்குப் போவேன். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள், தமிழ்ப் புத்தகங்களும் வைத்திருக்கிறார்கள். வாத்தியார் உங்களுக்கு அது போதும். உள்ளே போய் இருந்து வாசிக்க ஒருவரும் காசு கேட்க மாட்டார்கள், குளிரும் இல்லை.

மிச்ச நேரம் எல்லாம் தோட்டம். பங்குனி கடைசியில் பேஸ்மென்றில் ரியூப் லைற்றுக்குக் கீழே சின்னக் கோப்பைகளில் புடோல், பாகல், மிளகாய் விதை போடுவேன். வைகாசியில் விக்ரோறியா நாள் நீண்ட விடுமுறை முடியும்வரை ஒரு கன்றையும் நிலத்தில் வைக்க மாட்டேன். அவசரப்பட்டு இரண்டு வருடம் உறைபனிக்குப் பறிகொடுத்திருக்கிறேன். ஆவணியில் புடலங்காய்க்குக் கல் கட்டித் தொங்கவிட்டால் வீதியால் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவருக்கும் எனக்கும் பொதுவான மொழி பத்துச் சொல்கூட இல்லை. அவர் கார்த்திகையில் தன் அத்தி மரத்தின் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைச் சரித்துக் குழிக்குள் படுக்க வைத்து, பலகையும் மண்ணும் போட்டு மூடுவார். சித்திரையில் தோண்டி நிமிர்த்துவார். அதை முதல் தரம் பார்த்த அன்றுதான் இந்த நாட்டில் நானும் வேர்விடலாம் என்று நம்பினேன்.

எங்களுக்குக் கறிவேப்பிலை. இரவுக் குளிர் பத்துப் பாகைக்கு இறங்க முதல், புரட்டாதியில் தொட்டியோடு உள்ளே தூக்குவேன். இலை இலையாகச் சவர்க்காரத் தண்ணீரில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் செதில் பூச்சி வந்து ஒட்டும். தை மாதம் இலை எல்லாம் கொட்டி வெறும் தடியாக நிற்கும். ஒரு வருடம் செத்துப்போனது என்று எறியத் தூக்கினேன். மனைவி நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினா, உள்ளே பச்சை. பங்குனியில் செப்பு நிறத்தில் துளிர் வந்தது. வெளியே வைக்கும்போதும் முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நேரே வெயிலில் வைத்தால் கருகிவிடும்.

அப்புறம் ஒன்று: மாசியில் வாசலில் கண்ணாடி மாதிரி ஐஸ் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மனைவி கடிதம் எடுக்க வீட்டுச் செருப்போடு இரண்டு அடி போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டா. உப்புப் போடாமல் படி இறங்காதீர்கள்.

ஊரில் இருந்து விதை, கன்று ஒன்றும் ஒளித்துக் கொண்டு வர வேண்டாம். அப்படியானவற்றை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் பிடிபட்டால் தண்டம். எங்கள் தொட்டியில் பக்கக் கன்று இரண்டு கிளம்பியிருக்கிறது. விமானச் சீட்டுப் போட்டதும் எழுதுங்கள், ஒன்றைப் பிரித்து வேறு தொட்டியில் வைத்துவிடுகிறேன். நீங்கள் வைகாசியில் வரும்போது அது வெளியே வைக்கிற பருவத்தில் இருக்கும்.