மகள் அனுப்பிய படத்தில் இருப்பது எந்த ஓர்கிட்?

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். வீட்டு வளவில் டென்ட்ரோபியம், வண்டா என்று கொஞ்ச ஓர்கிட் சட்டிகள் வைத்திருக்கிறேன். கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கும் மகள் ஓகஸ்ட் கடைசியில் ஓர் ஏரிக்கரையில் சின்னப் பூச்செடி ஒன்றைக் கண்டு படம் எடுத்து அனுப்பினாள். ஒரு சாண் உயரம். தண்டைச் சுற்றி வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவுதான். போனில் உள்ள செயலி ஒருமுறை ஸ்பைராந்தீஸ் என்கிறது, இன்னொருமுறை குட்யேரா என்கிறது. இது ஓர்கிட் தானா? எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த முறை வரும்போது கிழங்கோடு கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: ஓர்கிட் தான், அதில் சந்தேகம் வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்வட்டத்து மூன்று இதழ்களில் கீழே இருக்கும் ஒன்று மட்டும் மற்ற இரண்டைப் போல இல்லை. அதுதான் உதட்டிதழ். தனித்தனி மகரந்தத் தாள்கள் எங்கும் தெரியவில்லை. ஓர்கிட்டில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒட்டி நடுவில் ஒரே தூணாக நிற்கும். உங்கள் டென்ட்ரோபியத்திலும் இதையே பார்க்கலாம், அளவுதான் வேறு. ஒன்ராறியோக் காடுகளில் பைரோலா என்று ஓர்கிட் அல்லாத ஒரு செடி உண்டு. அதுவும் தரையோடு இலை, மேலே வெள்ளைப் பூக்கள் என்று ஆளை ஏமாற்றும். ஆனால் அதற்கு ஐந்து இதழ், பத்து மகரந்தத் தாள். எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

செயலி தடுமாறியதற்கு அதை மட்டும் குறை சொல்ல முடியாது. ஸ்பைராந்தீஸும் குட்யேராவும் ஓர்கிட் குடும்பத்துக்குள் கிட்டத்துச் சொந்தம். பூவை மட்டும் காட்டினால் பழகிய கண்ணும் ஒரு நிமிடம் யோசிக்கும். மகள் எடுத்த படம் தண்டின் பாதியோடு நின்றுவிட்டது. எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், பூ அழகாக இருக்கிறதே! ஆனால் குளிர்நாட்டுச் சின்ன ஓர்கிட்டுகளில் பாதி விடை செடியின் அடியில் கிடக்கிறது.

குட்யேரா என்றால் தரையோடு ஒட்டி வட்டமாக இலைகள் இருக்கும். கரும்பச்சை இலையில் வெள்ளை நூலால் வலை பின்னியது போல நரம்புகள் ஓடும். பனிக்காலத்திலும் அந்த இலை வாடாது. ஒருமுறை கண்டவர்கள் பூவே இல்லாமல் அடையாளம் சொல்வார்கள். குட்யேரா பியூபெசென்ஸ் இனத்தில் நடுநரம்பு அகன்ற வெள்ளைக் கோடாகவே இருக்கும். குட்யேரா ரெப்பென்ஸ் மிகச் சிறியது, இலை இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். ஊசியிலை மர நிழலில் பாசிக்கு நடுவே இருக்கும். ஸ்கொட்லாந்தின் பைன் காடுகளிலும் இதே இனம் உண்டு. லண்டன் பக்கத்து உறவுகள் அங்கே போனால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பைராந்தீஸுக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. பெரும்பாலும் புல்லைப் போல ஒடுங்கிய பச்சை இலை. சில இனங்களில் பூக்கும் நேரத்துக்குள் அதுவும் காய்ந்துவிடும்.

பூவில் பார்க்க வேண்டியது உதட்டிதழின் வடிவம். குட்யேராவில் அது உருண்டு ஒரு சின்னப் பையாகி, நுனி மூக்குப் போலக் கூராக நீளும். ஸ்பைராந்தீஸில் பூ ஒரு குழாயாகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். உதட்டிதழ் வெளியே வந்து கீழ்நோக்கி வளையும், விளிம்பு நெளிநெளியாக இருக்கும்.

உங்கள் படத்தில் பூக்கள் நெருக்கமான வரிசைகளாகச் சுற்றி ஏறுகின்றன. பின்னால் ஈர மணலும் கோரையும் தெரிகின்றன. என் முடிவு ஸ்பைராந்தீஸ். ஒன்ராறியோவின் ஏரிக்கரை, ஓகஸ்ட் கடைசி என்றால் இரண்டு பேர்கள்தான் முதலில் மனதில் வரும். ஒன்று ஸ்பைராந்தீஸ் ரொமான்சோஃபியானா. அதில் உதட்டிதழ் தவிர மற்ற ஐந்தும் சேர்ந்து மேலே ஒரு முக்காடாகக் கவிந்திருக்கும், உதட்டிதழ் இடுப்பில் நன்றாக ஒடுங்கும். மற்றது ஸ்பைராந்தீஸ் இன்கர்வா. அதில் பக்கத்து இரண்டு புல்லிகளும் (வெளிவட்டத்து இதழ்கள்) ஒட்டாமல் தனியே நின்று மேல்நோக்கி வளையும். பழைய கைநூல்களில் இந்த இரண்டாவதைச் செர்னுவா என்ற பேரில்தான் காண்பீர்கள். 2017இல் ஆய்வாளர்கள் அந்தக் கூட்டத்தைப் பிரித்தார்கள். ஆகவே நூல் ஒரு பேரும் செயலி வேறு பேரும் சொன்னால் குழம்ப வேண்டாம். பூக்கள் ஒற்றை வரிசையில் ஐதாகச் சுற்றி, உதட்டிதழ் நடுவில் பச்சைப் பொட்டும் இருந்தால் அது ஸ்பைராந்தீஸ் லசெரா. ஆனால் அதற்குக் காய்ந்த மணற்பாங்கான இடம்தான் பிடிக்கும்.

பக்கவாட்டில் எடுத்த படம் இல்லாமல் ரொமான்சோஃபியானாவா இன்கர்வாவா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: முழுச் செடியும் தெரிய ஒரு படம், அடி இலையைக் கிட்டப் பிடித்து ஒன்று, பூவை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்தால் அளவு தெரியும். தண்டில் மயிர் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். இடம் சதுப்பா, மணலா, ஊசியிலைக் காடா என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

பக்கவாட்டுப் படத்தை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் தேன்குழல், அதாவது சில பூக்களில் தேன் நிற்கும் ஒடுங்கிய குழாய். அது பூவின் பின்னால் வால் போலத் தொங்கினால் செடி ஸ்பைராந்தீஸும் இல்லை, குட்யேராவும் இல்லை, பெரும்பாலும் பிளாட்டாந்தெரா என்ற இன்னொரு ஓர்கிட். அதில் ஒப்டுசாற்றா என்ற இனம் வடக்குக் காடுகளில் உண்டு. அடியில் ஒரே ஒரு இலை, வெள்ளை கலந்த பச்சைப் பூ. அதற்கு மகரந்தம் சுமப்பது நுளம்பு! தேன் குடிக்கத் தலையை விடும்போது மகரந்தக் கட்டி நுளம்பின் கண்ணில் ஒட்டிக்கொள்ளும், அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். நுளம்புக்கு ஒரு நல்ல வேலையும் இருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்?

மகள் ரொறன்ரோப் பக்கம் என்றால் வீட்டு முற்றத்திலேயே ஓர்கிட் காணலாம். எபிபாக்டிஸ் ஹெல்லெபொரைன் ஐரோப்பாவில் இருந்து போன செடி. வட அமெரிக்காவில் முதலில் கண்டது 1879இல், நியூயோர்க் மாநிலத்து சிரக்யூஸ் அருகே. இப்போது வேலியோரம், நடைபாதை ஓரம் எல்லாம் களையாக முளைக்கிறது. தண்டு நெடுகக் கோடு விழுந்த அகல இலைகள், பச்சையும் ஊதாவும் கலந்த பூக்கள், உதட்டிதழில் தேன் நிற்கும் கபில நிறக் கிண்ணம். அதைக் களை என்று பிடுங்குவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும்.

கிழங்கோடு கொண்டுவருவது? வேண்டவே வேண்டாம். சட்டம் ஒருபக்கம்: எல்லா ஓர்கிட்டும் காட்டுயிர், செடி வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் வருகிறது, கடதாசி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. இங்கே இறக்கவும் அனுமதி வேண்டும். சட்டத்தை விடுங்கள், செடி பிழைக்காது. உங்கள் வண்டா மரத்தில் தொற்றி வளரும் இனம், கரியும் பொச்சும் போதும். இவையோ மண்ணில் உள்ள பூஞ்சையை நம்பி வாழ்பவை. தூசி போன்ற விதைக்குள் சேமித்த உணவே இல்லை, பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். ஒன்ராறியோவின் ஸ்பைராந்தீஸுக்கு உறைபனி ஓய்வும் பழகிப்போனது. நம் வெயிலில் அதற்கு எங்கே போவது? அதோடு, இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிட்டு முகநூலில் போடவும் வேண்டாம். தோண்டி விற்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

மண்ணில் வளரும் ஓர்கிட்டை நேரில் பார்க்க ஆசை என்றால் கனடா வரை போகத் தேவையில்லை. இலங்கை மலைநாட்டில் ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நம் மலைநாட்டுப் புல்வெளிகளில் சற்றீரியம் நேபாலென்ஸ் வளர்கிறது, இளஞ்சிவப்புப் பூக்கதிர். அதில் உதட்டிதழ் கீழே இல்லாமல் மேலே நிற்கும், பின்னால் ஒன்றுக்கு இரண்டு தேன்குழல். ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா, அங்கே எதையும் பறிக்கக் கூடாது. ஒரு கைலென்ஸ் கொண்டுபோங்கள்.